கதைக்கிறதுக்கென்ன காசோ?

எங்கள் ஊர்ப்பக்கம் இரண்டு பேர் வழியில் சந்தித்தால், சுகம் விசாரித்த கையோடு கேட்கிற அடுத்த கேள்வி 'வேறென்ன புதினம்?' என்பது. தமிழகத்து நண்பர்களுக்குப் புதினம் என்றால் நாவல். எங்களுக்கு அது செய்தி, அதிலும் சற்று அதிசயம் கலந்த செய்தி. அரசாங்கம் கவிழ்ந்ததும் புதினந்தான், பக்கத்து வீட்டு மாடு இரட்டைக்கன்று போட்டதும் புதினந்தான். வாசிகசாலை வாங்குகளிலும் சந்தி மதகுகளிலும் இருந்து இரண்டையும் ஒரே குரலில் கதைத்து வளர்ந்த சமூகம் எங்களுடையது. நாடுவிட்டு நாடு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இடந்தான் மாறியிருக்கிறது. வாசிகசாலை வாங்குக்குப் பதிலாகக் கவிழ்த்து வைத்த பால்பெட்டி, மதகுக்குப் பதிலாக ரெஸ்ரோரண்டின் பின்கதவுப் படி.

சுவிஸில் ரெஸ்ரோரண்ட் வேலை செய்பவர்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்துக்கும் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கும் இடையில் இரண்டு மூன்று மணித்தியாலம் சம்பளமில்லாத ஓர் இடைவெளி உண்டு. 'சிம்மர்ஸ்ருண்ட' என்பார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு வீட்டுக்குப் போய்வர நேரம் காணாது. ஆகவே கதைக்கிறோம். ரூபாயின் விலை, அமெரிக்கத் தேர்தல், உக்ரேன் யுத்தம், எண்ணெய் விலை, எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் செய்த விசர்க்கூத்து. கைத்தொலைபேசியில் ஒருவர் தலைப்பை வாசிக்க, இன்னொருவர் தீர்ப்புச் சொல்ல, மூன்றாமவர் அந்தத் தீர்ப்பை உடைக்க, உருளைக்கிழங்கு உரிக்கும் நேரம் வந்துவிடும். நாங்கள் தீர்த்து வைக்காத உலகப் பிரச்சினை இல்லை.

இந்தக் கதைகளைப் பற்றி எங்களுக்குள் இரண்டு கேள்விகள் நெடுநாளாக இருக்கின்றன. வாக்குரிமை இல்லாத, பல்கலைக்கழகத்தை இடையில் விட்டுவந்த, கோப்பை கழுவிப் பிழைக்கும் மனிதர்கள் நாட்டு நடப்புப் பற்றிக் கருத்துச் சொல்வதில் ஏதும் அர்த்தம் உண்டா என்பது முதலாவது. ஒரு விடயத்தால் தனக்கு எந்த நட்டமும் வராத ஒருவர் அந்த விடயத்தைப் பற்றி எப்படியும் கதைக்கலாமா என்பது இரண்டாவது. வாதம் சூடேறும்போது 'கதைக்கிறதுக்கென்ன காசோ?' என்று எங்களில் ஒருவர் முடித்துவைப்பார். கதைக்கிறதுக்குக் காசில்லை என்பது உண்மையா என்று யோசித்துப் பார்க்கவே இதை எழுதுகிறோம்.

முதலாவது கேள்விக்கு விடை சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை. 'அரசியல்' என்ற நூலை எழுதிய அரிஸ்ரோட்டில் ஏதென்ஸ் நகரத்தின் பிரசை அல்லர். வடக்கே ஸ்ரகீரா என்ற ஊரில் பிறந்து, ஏதென்ஸில் வந்து குடியிருந்த அந்நியர். அப்படிப்பட்ட ஆண் ஒருவர் வருடத்துக்கு 12 திராக்மா தலைவரி கட்டவேண்டும். சபையில் வாக்களிக்க முடியாது. விசேட அனுமதியில்லாமல் காணி, வீடு வாங்கவும் முடியாது. எங்கள் பாஷையில் சொன்னால் 'பி' அட்டைக்காரர். யார் பிரசை, எது நல்ல அரசு என்று உலகம் இன்றுவரை படிக்கும் நூலை எழுதியவர் இந்த வாக்கில்லாத மனிதர்தான். அதே நூலில், கைத்தொழில் செய்து பிழைப்பவரைச் சிறந்த அரசு பிரசையாக ஏற்காது என்றும் எழுதிவைத்திருக்கிறார். தனக்குக் கதவு திறக்காத ஊரில் இருந்துகொண்டு எங்களுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்தியிருக்கிறார் என்று நாங்கள் பகிடி பண்ணுவதுண்டு. ஆனாலும் அவருடைய வாதத்தைவிட அவருடைய வாழ்க்கை எங்களுக்குத் துணையாக நிற்கிறது.

இந்த நாட்டிலேயே அதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. பெண்களுக்கு நாட்டளவிலான வாக்குரிமை கொடுப்பதா என்று 1959 பெப்ரவரியில் இங்கே வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டுமே. மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து, 1971 பெப்ரவரி 7 இல், ஏறக்குறைய அதே அளவு பங்கினர் ஓம் என்றார்கள். அப்பன்செல் இன்னர்றோடன் என்ற சிறு மாநிலத்து ஆண்கள் 1990 இலும் தங்கள் மாநில வாக்குரிமையைப் பெண்களுக்குக் கொடுக்க மறுக்க, அந்த வருடமே நாட்டின் உயர்நீதிமன்றம் தலையிட்டு அதைத் திறந்துவிட்டது. இடையில் இருந்த அந்தப் பன்னிரண்டு வருடங்களிலும் பெண்களிடம் வாக்கு இருக்கவில்லை. வாய் இருந்தது. வீட்டிலும் வீதியிலும் வேலைத்தலத்திலும் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். வாக்குள்ளவரின் மனதை வாக்கில்லாதவரின் கதை மாற்றும் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் எங்களுக்குத் தேவையில்லை. இன்றைக்கு இந்த நாட்டில் வசிப்பவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர். நொய்சத்தல், ஜூரா ஆகிய மாநிலங்களில் நெடுநாள் வசித்தவர்களுக்கு மாநில அளவில் வாக்கு உண்டு, நாட்டளவில் எங்கும் இல்லை. எங்களிடம் இருப்பதும் வாய்தான்.

இரண்டாவது கேள்விதான் எங்களை வருத்துவது.

2018 நவம்பரில் இங்கே மாட்டுக்கொம்பு பற்றி ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஊரில் இருப்பவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். இந்நாட்டுப் பசுக்களில் பெரும்பாலானவற்றுக்குக் கொம்பில்லை. கன்றாக இருக்கும்போதே மயக்கமருந்து கொடுத்துக் கொம்புக்குருத்தைச் சுட்டுவிடுவார்கள். கொம்பில்லாவிட்டால் ஒரே கொட்டிலில் கூடுதலான மாடுகளை அவிழ்த்துவிட்டு வளர்க்கலாம், ஒன்றையொன்று குத்தாது, ஆளையும் குத்தாது. ஆர்மின் கபவுல் என்ற மலைநாட்டு விவசாயி இதை எதிர்த்தார். கொம்புள்ள மாடு வளர்ப்பவருக்கு அரசு உதவித்தொகை கொடுக்கவேண்டும் என்று ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்துச் சேர்த்து, முழு நாட்டையும் வாக்குச்சீட்டெடுக்க வைத்தார். வாக்களித்தவர்களில் 54.7 வீதத்தினர் வேண்டாம் என்றதால் தோற்றுப்போனார்.

நாங்கள் இரண்டு கிழமை இதைக் கதைத்துச் சிரித்தோம். சிரிப்பு ஓய்ந்தபோது ஒரு விடயம் மிஞ்சியது. சூடு வாங்குவது கன்று. வாக்குப் போடுவது மனிதர். அந்த விவசாயிக்கு யாரும் சூடு வைக்கவில்லை. ஆகவே 'நட்டப்படுகிறவர்தான் கதைக்கலாம்' என்ற விதியை நாங்கள் ஏற்கமுடியாது. அப்படி ஒரு விதி இருந்தால் கன்றுக்காக எவரும் கதைத்திருக்க முடியாது. எங்களுக்காகவும் எவரும் கதைத்திருக்க முடியாது. அகதிகளாக இங்கே வந்தவர்களைத் திருப்பி அனுப்பாதே என்று பதாகை பிடித்த சுவிஸ்காரருக்கு அதனால் என்ன வரவு?

இதற்கு நேர் எதிரான ஓர் அனுபவமும் எங்களுக்கு உண்டு. 2014 மே 18 இல் மணித்தியாலத்துக்கு 22 பிராங் குறைந்தபட்சச் சம்பளம் என்ற கோரிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. மாதக்கணக்கில் பார்த்தால் சுமார் 4000 பிராங். அந்தக் கதை எங்கள் கதை. குசினிக்குள் அன்று நடந்த விவாதம் மாட்டுக்கொம்பு விவாதத்தைப்போல இருக்கவில்லை. சட்டி கழுவுகிறவர், 22 பிராங் வந்தால் பிள்ளையின் பல்லுக்குக் கம்பி போடலாம் என்று கணக்குப் பார்த்தார். சொந்தமாக ஒரு 'ரேக் அவே' திறக்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தவர், அந்தச் சம்பளத்தில் தன்னால் ஓர் ஆளைக்கூட வைத்திருக்க ஏலாது என்று கணக்குப் பார்த்தார். இருவரும் பேப்பரில் எழுதிக் காட்டினார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. இருவருக்கும் வாக்கில்லை. வாக்களித்தவர்களில் 76.3 வீதத்தினர் அந்தக் கோரிக்கையை நிராகரித்தார்கள். பிறகு 2020 இல் ஜெனீவா மாநிலத்து மக்கள் தங்கள் மாநிலத்துக்கு 23 பிராங் என்று வாக்களித்தார்கள். எங்கள் கவனத்துக்கு வந்தது வேறொன்று. பில் தன் மேசைக்கு வரும் என்று தெரிந்தவர் கதைக்கும்போது சொற்கள் குறைகின்றன, எண்கள் கூடுகின்றன. பில் வேறு மேசைக்குப் போகும் என்றால் சொற்கள் பெருகுகின்றன. பில் யாருக்கோ கட்டாயம் போகிறது. கதைக்கிறதுக்குக் காசில்லை என்பதன் அர்த்தம், அந்தக் காசை வேறொருவர் கொடுக்கிறார் என்பதுதான்.

2023 பெப்ரவரி 6 ஆம் திகதி துருக்கியின் தென்கிழக்கிலும் சிரியாவிலும் நிலம் நடுங்கியது. துருக்கியில் மட்டும் 50,000 க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று மத்தியானம் செய்தியை வாசித்தவர் அழிந்த நகரங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். அவற்றில் ஒன்று அதியமான். துருக்கியில் அந்தப் பெயரில் ஒரு மாகாணமும் நகரமும் இருக்கின்றன. தமிழ் படித்த காதுக்கு இதைவிடப் புதினம் வேறென்ன வேண்டும்? 'நெல்லிக்கனியைத் தானே திண்டிருக்கலாம், ஔவைக்குக் குடுத்ததால வந்த வினை' என்றார் ஒருவர். இரண்டொருவர் சிரித்தார்கள். மூலையில் சட்டி கழுவிக்கொண்டிருந்த குர்திய நண்பர் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தன் ஊரின் பெயரும் அதன் பின்னால் வந்த சிரிப்பும் மட்டும் விளங்கியிருக்கின்றன. காலையிலிருந்து அக்காவின் தொலைபேசி எடுபடவில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. 'என்ரை ஊரைப் பற்றி என்ன சொன்னனீங்கள்?' என்று உடைந்த ஜேர்மனில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, ஏதும் நல்ல செய்தி வந்திருக்குமோ என்ற குரலில் கேட்டார். அந்தப் பகிடியை மொழிபெயர்த்துச் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. மூன்றாம் நாள் அவர் அக்காவின் குரலைக் கேட்டார். அக்காவின் மகனுடைய குரலை அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பகிடி விட்டவர் கெட்டவர் இல்லை. அந்த நண்பருக்கு முதன்முதல் நூறு பிராங்கை நீட்டியவர் அவர்தான். தூரத்து அழிவை மனித மனம் எப்படி எடுக்கும் என்பதை அடம் ஸ்மித் 1759 இல் எழுதிய ஒழுக்க உணர்வுகள் பற்றிய நூலில் விசாரித்திருக்கிறார். பொருளாதாரத்தின் தந்தை என்று படித்த அதே ஸ்மித். சீனா முழுவதையும் பூகம்பம் விழுங்கிவிட்டதாகக் கேள்விப்படும் ஓர் ஐரோப்பியர் கவலைப்படுவார், மனித வாழ்வின் நிலையாமை பற்றிச் சிந்திப்பார், ஐரோப்பிய வியாபாரத்துக்கு என்ன நடக்கும் என்றும் யோசிப்பார், பிறகு நிம்மதியாகத் தூங்குவார். நாளைக்குத் தன் சுண்டுவிரல் போகப்போகிறது என்றால் அன்றிரவு அவருக்குத் தூக்கமில்லை. கத்தியோடு வேலை செய்கிற எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஸ்மித் அங்கே நிறுத்தவில்லை. அந்தச் சுண்டுவிரலைக் காப்பாற்ற அத்தனை உயிர்களையும் கொடுக்கச் சம்மதிப்பாரா என்று கேட்டு, மனிதன் அப்படி நினைக்கவே அஞ்சுவான் என்கிறார். அந்த அச்சம் இரக்கத்தால் வருவதல்ல, இரக்கம் அவ்வளவு பலமானதல்ல. எங்களுக்குள்ளே பக்கம் சாராமல் இருந்து எங்களைப் பார்க்கும் ஒருவரால் வருவது என்பது அவருடைய முடிவு.

ஸ்மித்தின் அந்தப் பார்வையாளரை நாங்கள் கொஞ்சம் மாற்றிக்கொள்ள விரும்புகிறோம். எங்கள் குசினியில் அவர் பக்கம் சாராதவர் அல்லர். மூலையில் சட்டி கழுவுகிறவர். ஒவ்வொரு புதினத்துக்கும் எங்கோ ஒரு வீட்டுக்காரர் இருக்கிறார். எங்களுக்கு அது செய்தி, அவருக்கு அது வீடு.

புலம்பெயர்ந்த தமிழருக்கு இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. ட்ராமிலும் கடையிலும் குசினியிலும் எங்கள் பாஷை பக்கத்தில் நிற்பவருக்கு விளங்காது. பக்கத்தில் நிற்பவரின் நிறத்தைப் பற்றி, உடுப்பைப் பற்றி, நாட்டைப் பற்றி அவர் முகத்துக்கு முன்னாலேயே கதைக்கலாம். வேறு எவருக்கும் எளிதில் கிடைக்காத சுதந்திரம் இது. அதற்கேற்ற பொறுப்பும் வேண்டாமா? ஆகவே நாங்கள் ஓர் அளவுகோலை வைத்துப் பார்க்கிறோம். நான் இப்போது சொன்னதை, அதன் வீட்டுக்காரருக்கு விளங்கும் மொழியில், அவர் முன்னால் நின்று சொல்ல முடியுமா? முடியுமென்றால் அது கருத்து, எவ்வளவு கசந்தாலும் கருத்துத்தான். முடியாதென்றால், அதை ஏன் தமிழில் மட்டும் சொன்னோம் என்று யோசிக்கவேண்டும்.

இந்த அளவுகோலை எங்கள் நாட்டுக் கதைக்கு வைத்துப் பார்த்தால் சங்கடம் கூடுகிறது. 2022 ஏப்ரல் 12 இல் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. வருடத் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், சில மாதங்களில் 360 ரூபாய் அளவுக்குப் போனது. செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. 'விழட்டும். எங்கட சனத்தைக் கொண்டுகுவிச்ச நாடு நல்லா விழட்டும்' என்றார் ஒருவர். 2009 இல் வன்னியில் தம்பியைப் பறிகொடுத்தவர். அந்தக் கோபத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடமாட்டோம். ஆனால் விழுந்தது எது? எரிவாயுவுக்கு வரிசையில் நின்றவர் யார்? கடதாசி இல்லை என்று பள்ளிக்கூடப் பரீட்சை தள்ளிப்போனபோது வீட்டிலிருந்த பிள்ளை எந்த ஷெல்லை அடித்தது? கிளிநொச்சியிலும் ஹற்றனிலும் மாத்தறையிலும் பால்மாவின் விலை ஒரே மாதிரித்தான் ஏறியது. அதே மாதங்களில் நாங்கள் அனுப்பிய பிராங்குக்கு ஊரில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ரூபாய் கிடைத்தது. வீடு கட்டுகிறவர்களுக்கு நல்ல காலம் என்று கதைத்தவர்களும் உண்டு. அந்த வசனத்தை வரிசையில் நின்றவருக்கு முன்னால் சொல்லிப் பார்க்கட்டும். அது தமிழ்தான், மொழிபெயர்க்கவும் தேவையில்லை.

அதேவேளை, 2022 ஜூலை 9 இல் சனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல்குளத்தில் குதித்த படங்களைப் பார்த்து நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் ஒரு பிழையும் இல்லை. குளத்தின் சொந்தக்காரர் கேட்டாலும் சிரித்திருப்போம். எங்கள் அளவுகோல் வாயைக் கட்டுவதற்கல்ல. பில் கட்டுகிறவருக்கு முன்னால் சொல்ல முடியுமா என்பதே கேள்வி, பில்லை மற்றவர் தலையில் கட்டுகிறவருக்கு முன்னால் அல்ல.

இன்னொரு வசனத்தையும் சொல்லவேண்டும். 'அது அவையின்ரை பிரச்சினை' என்ற வசனம். 2009 நவம்பர் 29 இல் சுவிஸ் மக்கள் 57.5 வீத வாக்குகளால் புதிய மினாரெற்றுகளைக் கட்டுவதைத் தடைசெய்தார்கள். அப்போது நாடு முழுவதிலும் இருந்த மினாரெற்றுகள் நான்கு. எங்கள் கோயில் கோபுரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லைத்தானே, அது சோனகரின் பிரச்சினை என்று ஆறுதலடைந்த எம்மவர் பலர் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த ஆறுதலுக்கு வயது கூட. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். எங்களில் பலர் அப்போது கைக்குழந்தைகள், அல்லது பிறக்கவே இல்லை. உலகத்தையே அலசிய வாங்குகளும் மதகுகளும் அன்று என்ன கதைத்தன என்று கேட்டால் பெரியவர்கள் கதையை மாற்றுகிறார்கள். துவக்குக்குப் பயந்த மௌனத்தை நாங்கள் விளங்கிக்கொள்கிறோம். ஆனால் துவக்கு எட்டாத ஐரோப்பியத் தூரத்திலும் அந்த மௌனம் நீண்டது. வீட்டுக்காரர் எங்கள் பாஷையே பேசுகிறவர். அவர் முன்னால் சொல்ல முடியாத கதையைப்போல, அவர் முன்னால் காக்க முடியாத மௌனமும் உண்டு.

நட்டப்படுகிறவர் சொல்வதெல்லாம் சரியா என்று கேட்கலாம். இல்லை. 22 பிராங் விவாதத்தில் சட்டி கழுவியவரும் கடை திறக்க நினைத்தவரும் இருவருமே நட்டப்படக்கூடியவர்கள். இருவரும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது. பில் கட்டுகிறவரோடு உடன்படவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. பில் எவ்வளவு, எந்த மேசைக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு முரண்படவேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

இவ்வளவு யோசித்துக் கதைப்பதென்றால் கதைக்கவே ஏலாது என்று எங்களில் சிலர் முறைப்படுகிறார்கள். அப்படியில்லை. கொம்பில்லாத மாட்டையும் நீச்சல்குளத்தையும் நாங்கள் இன்னும் கதைக்கிறோம். நான்கு கிழமை லீவை ஆறு கிழமையாக்குவோம் என்று 2012 மார்ச்சில் கேட்டபோது வேண்டாம் என்று வாக்களித்த இந்த நாட்டுச் சனத்தை நினைத்து இன்னும் தலையில் கைவைக்கிறோம். நாடில்லாத, வாக்கில்லாத மனிதருக்குக் கதை ஒரு வாழ்வு. அது இல்லாவிட்டால் நாங்கள் வெறும் கைகள். கைகளை மட்டுமே வேண்டி எங்களை வேலைக்கு எடுத்தவர்களுக்கு அது வசதியாகவும் இருக்கும். ஆகவே கதைப்போம். கதைக்குக் காசுண்டு, அதை யாரோ கொடுக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு கதைப்போம். இதில் மாற்றுக்கருத்து உள்ளவர்கள் எழுதவேண்டும். முக்கியமாக, எங்கள் கதைக்கு இதுவரை காசு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் எழுதவேண்டும்.